வாக்குறுதிக்கு யார் கணக்குக் கேட்பது?

2024 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தின் ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல்மின் நிலையம் நிரந்தரமாக நின்றது. எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களோடு 1960களின் பிற்பகுதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த நிலையம். கட்டுப்பாட்டு அறையில் இயந்திரங்கள் நிறுத்தப்படுவதை ஊழியர்கள் கேன்டீனில் கூடி நேரலையில் பார்த்தார்கள். 1882இல் லண்டனின் ஹோல்பார்ன் வயடக்ட் பகுதியில் நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய நாடு, 142 ஆண்டுகள் கழித்து அந்த வழக்கத்தையே விட்டுவிட்டது. 2012இல்கூட பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்துதான் வந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் அது பூஜ்யம்.

இதைச் சாதித்தது எது? பாரிஸ் ஒப்பந்தம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் நிலக்கரியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நிலக்கரி மின்நிலையங்களை மூடப்போவதாக பிரிட்டன் அறிவித்ததும் 2015 நவம்பரில், பாரிஸ் மாநாடு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு. பெரும்பங்கு வேலையைச் செய்தது, 2013இல் கொண்டுவந்து, பின்னர் டன்னுக்கு 18 பவுண்டாக உயர்த்தப்பட்ட ஒரு கார்பன் வரி. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நவீன எரிவாயு நிலையத்தில் அதே யூனிட்டுக்கு 400 கிராம் அளவுதான். ஆகவே நிலக்கரிக்காரருக்கு யூனிட்டுக்கு 1.8 பென்ஸ் கூடுதல் செலவு, எரிவாயுக்காரருக்கு முக்கால் பென்ஸுக்கும் குறைவு. மின்சாரச் சந்தையில் யார் முதலில் விற்பது என்பதைச் சில்லறைக் காசுதான் தீர்மானிக்கும். நிலக்கரி வரிசையில் பின்னால் தள்ளப்பட்டது. அந்த இடத்தை முதலில் எரிவாயுவும், போகப்போகக் கடல் காற்றாலைகளும் பிடித்தன.

காலநிலைக் கொள்கை என்றதும் உலகத் தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம்தான் கண்முன் வருகிறது. ஆனால் உமிழ்வு குறைந்த இடங்களைத் தேடிப் போனால், அங்கே பெரும்பாலும் ஒரு தேதி, ஒரு தொகை, அதைக் கேட்க அதிகாரம் பெற்ற ஒருவர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. சர்வதேச ஒப்பந்தங்கள் இந்த மூன்றையும் தாமே தர முயன்றன. முடியாமல், நாடுகளின் தலையில் கட்டிவிட்டன.

முதல் அடி 1992இல், ரியோ டி ஜெனிரோவில். அங்கே கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கை 1994 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை என்ற கொள்கை அதில்தான் பதிந்தது. முதலில் கரியை எரித்துப் பணக்காரரானவர்கள் முதலில் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நியாயமான பேச்சு. எவ்வளவு குறைப்பது, குறைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் விடை இல்லை.

விடை தெரியாமலும் இல்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்பாட்டில் எல்லாம் இருந்தன. எந்த வாயுவை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைப்பது என்ற அட்டவணை இருந்தது. சேராத நாட்டோடு அந்த வாயுக்களில் வணிகம் செய்யத் தடை இருந்தது. ஏழை நாடுகள் மாறுவதற்கான செலவை ஏற்க 1990இல் ஒரு நிதியும் வந்தது. ஆனால் குளோரோஃப்ளூரோகார்பனைத் தயாரித்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். மாற்று வாயுக்களும் ஆய்வகத்தில் தயாராகிக்கொண்டிருந்தன. கார்பன் டை ஆக்சைடோ சோற்றுப் பானையிலிருந்து சிமெண்ட் சூளை வரை எங்கும் இருக்கிறது.

இருந்தும் 1997இல் கியோட்டோவில் அதே பாணியை முயன்று பார்த்தார்கள். தொழில்வள நாடுகள் 2008-2012 காலத்தில் 1990ஆம் ஆண்டு அளவைவிடச் சராசரியாக 5 சதவீதம் குறைக்க வேண்டும், நாட்டுக்கு நாடு தனி இலக்கு, சட்டப்படி கட்டுப்படுத்தும். வளரும் நாடுகளுக்கு இலக்கு இல்லாத எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கக்கூடாது என்று அமெரிக்க செனட் அதற்கு ஐந்து மாதம் முன்பே 95-0 என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. அமெரிக்கா கையெழுத்திட்டது, உறுதிப்படுத்தவில்லை. கனடா உறுதிப்படுத்தியது, 6 சதவீதம் குறைப்பதாகச் சொன்ன இடத்தில் உமிழ்வு ஏறியது, 2011 டிசம்பரில் வெளியேறுவதாக அறிவித்துவிட்டுப் போய்விட்டது. அபராதம் எதுவும் இல்லை.

கியோட்டோ விட்டுச்சென்ற பாடங்களில் சுவாரசியமானது ஹெச்.எஃப்.சி-23 கதை. குளிர்சாதனங்களுக்கான ஹெச்.சி.எஃப்.சி-22 என்ற வாயுவைத் தயாரிக்கும்போது, வேண்டாத துணைப்பொருளாக ஹெச்.எஃப்.சி-23 கொஞ்சம் வெளிவரும். அன்றைய கணக்குப்படி அதில் ஒரு டன், 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கியோட்டோவின் தூய வளர்ச்சித் திட்டத்தில், வளரும் நாட்டு ஆலை ஒன்று உமிழ்வைக் குறைத்தால் கிரெடிட் கிடைக்கும். அதைப் பணக்கார நாடு விலைக்கு வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். சீனாவிலும் இந்தியாவிலும் இருந்த ஆலைகள் இந்த வாயுவை எரித்து அழித்தன. எரிக்க ஆகும் செலவு சொற்பம். ஒரு டன்னை எரித்தால் 11,700 கிரெடிட். கழிவு, சரக்கைவிட லாபகரமாகிவிட்டது. கிரெடிட்டுக்காகவே உற்பத்தியைக் கூட்டுகிறார்கள் என்ற ஐயம் ஆய்வுகளில் வலுத்தபின், 2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது. 2016 அக்டோபரில் இந்தியா தன் ஆலைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: ஹெச்.எஃப்.சி-23ஐச் சொந்தச் செலவில் அழிக்க வேண்டும். பத்தாண்டு காலம் சர்வதேசச் சந்தை சுற்றிச் சுற்றிச் செய்த வேலையை நேராகச் செய்ய ஓர் அரசு உத்தரவு போதுமானதாக இருந்தது.

2009இல் கோபன்ஹேகன் மாநாடு கிட்டத்தட்ட உடைந்தே போனது. அங்கே மிஞ்சியது, 2020க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் திரட்டித் தருவோம் என்ற வாக்கு. அந்தத் தொகை இரண்டு ஆண்டு தாமதமாக 2022இல்தான் எட்டப்பட்டது என்று கொடுப்பவர்களின் அமைப்பான ஓ.இ.சி.டி.யே சொல்கிறது, அதிலும் பெரும்பகுதி கடன்.

பாரிஸ் இந்தத் தோல்விகளிலிருந்து பிறந்தது. 2015 டிசம்பர் 12 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லோரான் ஃபாபியூஸ் பச்சை நிறச் சுத்தியலைத் தட்டி நிறைவேற்றிய ஒப்பந்தம், தலைகீழான தர்க்கத்தில் நிற்கிறது. இலக்கை மேலிருந்து யாரும் தரமாட்டார்கள்; அவரவர் இலக்கை அவரவரே எழுதிக் கொண்டுவர வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய இலக்கு, அது பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உமிழ்வுக் கணக்கைத் தவறாமல் காட்ட வேண்டும். புவி வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே வைப்பது, 1.5க்குள் நிறுத்த முயல்வது என்பவை கூட்டு நோக்கம். எழுதிக் கொடுத்த இலக்கை எட்டாவிட்டால்? அதற்கென ஒரு குழு உண்டு. ஆனால் அது மோதல் போக்கின்றி, தண்டனையின்றி, உதவும் விதத்தில் மட்டுமே செயல்பட வேண்டும் என்று 15ஆம் பிரிவு அதன் கையைக் கட்டிவிட்டது.

பல் இல்லாத ஒப்பந்தம் என்று கேலி பேசுவது சுலபம். பல் இருந்திருந்தால் அமெரிக்காவும் சீனாவும் இந்தியாவும் ஒரே அறைக்குள் வந்திருக்காது என்பதும் உண்மை. வந்தவர்கள் தங்கினார்களா என்பது வேறு விஷயம். அமெரிக்கா 2020 நவம்பரில் வெளியேறி, 2021 பிப்ரவரியில் திரும்பி, 2025 ஜனவரி 20 அன்று மறுபடி வெளியேறும் ஆணையில் கையெழுத்திட்டது.

ஆகவே கேள்வி உள்நாட்டுக்கு நகர்கிறது. எழுதிக் கொடுத்த இலக்குக்கு அந்தந்த நாட்டில் யார் கணக்குக் கேட்பது?

பிரிட்டன் இதற்குச் செய்த ஏற்பாடு 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டம். 2050க்குள் உமிழ்வை 80 சதவீதம் குறைப்பது அமைச்சரின் சட்டப்பூர்வக் கடமை என்றது அது. 2019இல் அந்த இலக்கு நிகர பூஜ்யமாக மாறியது. 2050 என்பது எந்த அரசியல்வாதிக்கும் வெகு தொலைவு. அதனால் ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் பட்ஜெட் என்று பிரித்தார்கள். முதல் பட்ஜெட், 2008-2012க்கு, சுமார் 302 கோடி டன். ஆறாவது, 2033-2037க்கு, 96.5 கோடி டன். தொடக்க கால பட்ஜெட்டுகளுக்குப் பிந்தைய ஒவ்வொன்றையும் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு முன்னதாகவே நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட வேண்டும். அரசுக்கு வெளியே நிற்கும் நிபுணர் குழு ஆண்டுதோறும் அறிக்கை தரும். அரசு அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் கடித்த இடத்தையும் பார்க்கலாம். 2021இல் அரசு தன் நிகர பூஜ்யத் திட்டத்தை வெளியிட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. விசாரணையில் ஒரு விவரம் வெளிவந்தது: அதிகாரிகள் எண்ணில் கணக்கிட்டுக் காட்டிய நடவடிக்கைகளையெல்லாம் கூட்டினால் ஆறாவது பட்ஜெட்டுக்குத் தேவையான குறைப்பில் 95 சதவீதம்தான் வருகிறது. மீதி 5 சதவீதம் எங்கிருந்து வரும் என்பது வெளியிட்ட திட்டத்தில் இல்லை. எந்தத் திட்டம் எவ்வளவு குறைக்கும் என்ற விவரம் அமைச்சருக்கும் சரியாகத் தரப்படவில்லை. 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் திட்டம் சட்டத்துக்கு முரணானது என்றது. திருத்தி எழுதியதையும் 2024 மேயில் முரணானது என்றது. ஐந்து சதவீத ஓட்டைக்கு ஓர் அரசை நீதிமன்றப் படியேற வைத்ததே அந்தச் சட்டத்தின் பலம்.

மற்ற நாடுகளிலும் நீதிமன்றங்கள் புகுந்திருக்கின்றன. நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில், 2020 முடிவதற்குள் உமிழ்வை 25 சதவீதம் குறைத்தே ஆக வேண்டும் என்று அரசுக்குக் கட்டளையிட்டது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல், 2030க்குப் பிந்தைய சுமையையெல்லாம் அடுத்த தலைமுறையின் தோளில் ஏற்றுவது அவர்களின் சுதந்திரத்தைப் பறிப்பது என்றது; அரசு சில வாரங்களிலேயே இலக்கு ஆண்டை 2050இலிருந்து 2045க்கு முன்னே கொண்டுவந்தது. ஸ்விட்சர்லாந்தின் மூத்த பெண்மணிகள் சங்கம் ஒன்று 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தன் சொந்த அரசை வென்றது. பசிபிக் தீவு மாணவர்கள் தொடங்கி, வனுவாட்டு நாடு முன்னெடுத்த முயற்சியின் பலனாக, 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றமும் ஆலோசனைக் கருத்து சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை; மீறினால் பொறுப்பேற்க வேண்டி வரும்.

இந்தியாவில் இப்படியொரு குடைச் சட்டம் கிடையாது. உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது, அதுவும் ஒரு பறவையின் வழக்கில். ராஜஸ்தான், குஜராத் புல்வெளிகளில் அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில், உயரழுத்த மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கும்படி 2021இல் உத்தரவு வந்தது. சூரிய மின்சாரம் கொழிக்கும் பகுதியும் அதுவே என்பதால் அரசு முறையிட்டது. 2024 மார்ச் 21 அன்று நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தியது. அதே தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்றும் சொன்னது. உரிமை பிறந்த வழக்கில் கானமயிலின் பாதுகாப்பு குறைந்தது என்பது வேதனையான முரண். அந்த உரிமையை வைத்து எந்த எண்ணுக்காக, யாரிடம் கணக்குக் கேட்பது என்பதும் தீர்ப்பில் இல்லை.

எண்கள் இல்லாமல் இல்லை. 2008 ஜூனில் எட்டு இயக்கங்களோடு தேசியச் செயல்திட்டம் வந்தது. பாரிஸுக்கு முன் எழுதிக் கொடுத்து 2022இல் திருத்திய இலக்குப்படி, 2030க்குள் உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வு 2005ஐவிட 45 சதவீதம் குறைய வேண்டும். மின்நிறுவு திறனில் பாதி புதைபடிவமற்றதாக இருக்க வேண்டும். இரண்டாவது இலக்கை 2025 ஜூனிலேயே இந்தியா தொட்டுவிட்டது, ஐந்தாண்டு முன்கூட்டி. பாராட்டலாம். ஆனால் நிறுவு திறன் வேறு, வரும் மின்சாரம் வேறு. சூரியத் தகடு இரவில் தூங்கும், அனல்மின் நிலையம் தூங்காது. நாட்டின் மின்சாரத்தில் இன்னும் பெரும்பங்கு, ஏறக்குறைய முக்கால் பங்கு, நிலக்கரியிலிருந்தே வருகிறது. முதல் இலக்கும் விகிதம்தான். உற்பத்தி பெருகினால், இலக்கை எட்டிக்கொண்டே மொத்த உமிழ்வும் ஏறலாம். தலைக்கு ஆண்டுக்கு இரண்டு டன் அளவே வெளியிடும் நாடு, அதாவது உலகச் சராசரியில் பாதியைக்கூடத் தொடாத நாடு, மொத்தத்துக்கு வரம்பு போட மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

நியாயம் இல்லாத இடம் வேறு. உலகம் கார்பன் வரி பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோதே, 2010இல் இந்தியா சத்தமில்லாமல் ஒன்றைப் போட்டது. நிலக்கரிக்கும் நெய்வேலியில் எடுப்பது போன்ற பழுப்பு நிலக்கரிக்கும் டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி. 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாய். பணம் தேசியத் தூய எரிசக்தி நிதிக்குப் போய், அங்கிருந்து புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. 2017-18 வரை வசூலானது சுமார் 86,400 கோடி ரூபாய். நிதிக்கு மாற்றப்பட்டது சுமார் 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது சுமார் 15,900 கோடி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது வரி அப்படியே தொடர்ந்தது, பெயர் மாறியது: மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் வரியாகிவிட்டது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி. 5இலிருந்து 18 சதவீதமானது. தேதியும் தொகையும் இருந்தன. பணம் போன வழியைத் தடுத்து நிறுத்தத்தான் யாருக்கும் அதிகாரம் இல்லை.

இதற்கு நேர்மாறாக, பெரிதாகப் பேசப்படாத ஒரு திட்டம் வேலை செய்தது. 2012இல் எரிசக்தித் திறன் செயலகம் சிமெண்ட், எஃகு, காகிதம், உரம் போன்ற எட்டுத் துறைகளில் 478 ஆலைகளுக்குத் தனித்தனியே இலக்கு கொடுத்தது. மிச்சம் பிடித்தவர் சான்றிதழ் விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். முதல் சுற்றில் மிச்சமானது எண்ணெய்க் கணக்கில் 86.7 லட்சம் டன், இலக்கைவிட அதிகம். அந்த அனுபவத்தின் மேல்தான் 2023இல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் எழும்பியது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், காகிதம், குளோர்-ஆல்கலி ஆலைகளுக்கு முதல் உமிழ்வு இலக்குகள் அறிவிக்கப்பட்டன.

இந்த இலக்குகளை அறிவிப்பதில் காட்டிய அவசரத்துக்கு ஒரு வெளிக் காரணமும் உண்டு. ராட்கிளிஃப் மூடிய அதே நாளில் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீலின் கடைசி ஊதுலையும் அணைந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. பத்து நாள் முன்பு, அதே நிறுவனம் ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையைத் தொடங்கியிருந்தது. ஒன்று மூடியதால் மற்றது திறந்தது என்று சொல்ல முடியாது. வேல்ஸில் மின்வில் உலை வரவிருக்கிறது, இந்தியாவின் எஃகுத் தேவை தனியே வளர்கிறது. ஆனால் பிரிட்டனின் கார்பன் பட்ஜெட், அதன் எல்லைக்குள் எழும் புகையை மட்டுமே எண்ணும். இறக்குமதியாகும் எஃகின் புகை அதில் சேராது. இந்திய எஃகில் டன்னுக்கு 2.5 டன் அளவு கார்பன் டை ஆக்சைடு, உலகச் சராசரி 2 டன்னுக்குச் சற்றுக் கீழே.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஓட்டையை அடைக்கக் கிளம்பியதன் விளைவு எல்லைக் கார்பன் கட்டணம். எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை இறக்குமதி செய்பவர் 2023 அக்டோபர் முதல் அவற்றின் உமிழ்வுக் கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது. 2026 ஜனவரி முதல் அதற்குப் பணமும் உண்டு. தொடக்கத்தில் சிறு பங்குக்குத்தான், 2034இல் முழுக் கட்டணம். முதலில் கரியை எரித்தவர்களே இப்போது சுங்கச்சாவடி போடுகிறார்கள், வேறுபட்ட பொறுப்பு என்ற ரியோ வாக்கு எங்கே போனது என்று இந்தியா கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஏற்றுமதியாளரின் மேசையில் இருப்பது பிரஸ்ஸல்ஸின் படிவம். எந்த உலை, என்ன எரிபொருள், டன்னுக்கு எவ்வளவு புகை என்று அது கேட்கிறது.

அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது: சொந்த நாட்டில் உண்மையாகவே கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ளலாம். எப்படியும் வசூலாகப்போகிற பணம், பிரஸ்ஸல்ஸுக்குப் போகாமல் டெல்லியிலேயே தங்கட்டுமே என்பது இங்கே பலரின் வாதம். சிக்கல், இந்தியத் திட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. அது மொத்த உமிழ்வுக்கு விலை வைப்பதில்லை. இலக்கைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே வைக்கிறது. இலக்கை ஒழுங்காக எட்டிய ஆலை இந்தியாவில் ஒரு ரூபாயும் கட்டியிருக்காது. கழித்துக்கொள்ள அதன் கையில் ரசீதும் இருக்காது.